சங்கீத ரீச்சரின் முப்பது ஆண்டை எதைக்கொண்டு அளப்பது?

திருகோணமலைப் பாடசாலைகளில் ஓர் ஆசிரியர் ஓய்வுபெறும்போது என்ன நடக்கும் என்பது ஊருக்கே தெரியும். சேவை நலன் பாராட்டு விழா நடக்கும். மாலை, பொன்னாடை, சட்டமிட்ட வாழ்த்துப்பா, அதிபரின் உரை, வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து வந்தவரின் உரை, பழைய மாணவர் ஒருவரின் உரை. ஓய்வுபெறுகிறவர் கணித ஆசிரியர் என்றால் உரைகளில் எண்கள் தாமாகவே வந்துவிடும்: இத்தனை பேர் சித்தி, இத்தனை பேர் பொறியியல் பீடம், இத்தனை பேர் மருத்துவ பீடம். சங்கீத ரீச்சர் என்றால் பேசுகிறவருக்குச் சொல் பஞ்சம் வந்துவிடும். "எந்த விழா என்றாலும் முகம் சுளிக்காமல் பிள்ளைகளைப் பழக்கித் தருவார்" என்பார்கள். "இனிய குரல், இனிய குணம்" என்பார்கள். மனதாரத்தான் சொல்கிறார்கள். ஆனாலும் முப்பது ஆண்டுகள் வகுப்பறைக்குள் அவர் செய்த வேலை அந்த மண்டபத்தில் பேசப்படாமலே போய்விடுகிறது.

அந்த வேலை எத்தகையது, அதைப் பாராட்ட நம்மிடம் என்ன வழிகள் இருக்கின்றன, அந்த வழிகள் ஏன் பாடசாலைச் சங்கீத ஆசிரியரைத் தொடாமல் போகின்றன என்பதையே இங்கு விளக்க முயல்கிறேன். என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். விருதுகள் போதாமல் இல்லை. இருக்கும் விருதுகள் வேறு வேலைகளை அளக்கச் செய்யப்பட்டவை.

இலங்கையில் தரம் 6இலிருந்து ஒவ்வொரு பிள்ளையும் ஓர் அழகியல் பாடத்தைத் தெரிவுசெய்ய வேண்டும். தமிழ்மொழிமூலப் பாடசாலைகளில் அது பெரும்பாலும் கர்நாடக சங்கீதம், பரதநாட்டியம், சித்திரம், நாடகமும் அரங்கியலும் ஆகியவற்றில் ஒன்றாக இருக்கும். க.பொ.த. சாதாரண தரத்தில் ஒன்பது பாடங்கள். ஆறு கட்டாயப் பாடங்கள் போக, மீதி மூன்றும் தொகுதிப் பாடங்கள், அதாவது தொகுதிக்கு ஒன்றாகத் தெரிவுசெய்பவை. அழகியல் அந்தத் தொகுதிகளில் ஒன்றில் வரும். எழுத்துப் பரீட்சையோடு செயன்முறைப் பரீட்சையும் உண்டு. அதாவது 11 வயதில் சங்கீத வகுப்புக்குள் வருகிற பிள்ளை 16 வயது வரை அதே ஆசிரியரின் கையில் இருக்கக்கூடும். ஒரு பாடவேளை 40 நிமிடம். குரல் மாறுகிற, உடல் மாறுகிற, வெட்கம் வருகிற வயது முழுவதும் அந்த 40 நிமிடங்களுக்குள்தான் நடக்கிறது.

வீட்டில் வகுப்பெடுக்கும் குருவிடம் வருகிற பிள்ளை, சங்கீதம் கற்கவேண்டும் என்று பெற்றோர் தீர்மானித்து அனுப்பிய பிள்ளை. வீட்டில் சுருதிப்பெட்டி இருக்கும். இல்லாவிட்டால் கைபேசியிலாவது சுருதி ஒலிக்கும். பாடசாலை வகுப்பில் இருப்பவர்களின் கதை வேறு. சித்திர வகுப்பு நிரம்பிவிட்டதால் வந்தவர்கள் இருப்பார்கள். தோழி எடுத்தாள் என்று எடுத்தவர்கள் இருப்பார்கள். அந்தப் பாடசாலையில் வேறு அழகியல் ஆசிரியரே இல்லாததால் வந்தவர்களும் இருப்பார்கள். மாயாமாளவகௌளையில் சரளி வரிசை, ஜண்டை வரிசை, அலங்காரம் என்று புரந்தரதாசர் வகுத்ததாகச் சொல்லப்படும் பாட ஒழுங்கு, குருவும் சீடரும் எதிரெதிரே அமர்ந்து பழகும் முறைக்கு உரியது. அதை நாற்பது பிள்ளைகளுக்கு, பக்கத்து வகுப்பில் விஞ்ஞானம் நடக்கும்போது, சத்தம் கூடிவிட்டது என்று யாரும் வந்து சொல்லாத அளவில் கற்பிக்க வேண்டும்.

இதில் வெளியே தெரியாத ஒரு சிக்கல் சுருதி, அதாவது பாட்டுக்கு ஆதாரமான ஒலியின் உயரம். அதைக் கட்டை என்ற அளவால் சொல்வார்கள். பெண் பிள்ளைகளுக்கு 5 கட்டை, அதற்குச் சற்று மேலே என்று இசையும். குரல் உடைந்த பையனுக்கு 1 கட்டை அல்லது 2 கட்டை. கலவன் பாடசாலையில் இருவரும் ஒரே வாங்கில் இருக்கிறார்கள். தரம் 8, தரம் 9 அளவில் பையன்களின் குரல் உடையத் தொடங்கும்போது நேற்று வரை மேலே தாரஸ்தாயியைத் தொட்டவனுக்கு இன்று நடுவிலுள்ள மத்தியஸ்தாயியே பிடிபடாது. பக்கத்தில் இருப்பவன் சிரிப்பான். அந்தப் பிள்ளை அன்றோடு வாயை மூடினால் வாழ்நாள் முழுவதும் பாடமாட்டான். நல்ல ஆசிரியர் அந்த இரண்டு ஆண்டுகளை எப்படிக் கடக்கிறார் என்று பார்த்தால் அவரது திறமை முழுவதும் தெரிந்துவிடும். அவனைக் கீழே பாடவிடுவார், தாளத்தை அவன் கையில் கொடுப்பார், மிருதங்கப் பக்கம் நகர்த்துவார், சிரித்தவனையும் அதே வரியைப் பாடச் சொல்வார். அவன் தரம் 11 வரை வகுப்பில் தங்கி, சாதாரண சித்தியோடு போய்விடுவான். பெறுபேற்றுத் தாளில் அது 'எஸ்' என்ற ஓர் எழுத்து மட்டுமே. ஆசிரியரின் பக்கமிருந்து பார்த்தால் அதுதான் அவரது ஆகப் பெரிய வெற்றிகளில் ஒன்று.

இது வகுப்பறைக்குள். வெளியே இன்னொரு நேரசூசி ஓடுகிறது. காலைப் பிரார்த்தனைக்குத் தேவாரம், பாடசாலைக் கீதம், தேசிய கீதம். இல்ல மெய்வல்லுனர் போட்டி வந்தால் பாண்ட் குழு. நவராத்திரிக்கு வாணி விழா, மார்கழியில் ஒளி விழா, பரிசளிப்பு விழா, அமைச்சர் வந்தால் வரவேற்புப் பாடல். தமிழ்த் தினப் போட்டி என்றால் பாடசாலை, கோட்டம், வலயம், மாகாணம் என்று படிப்படியாக ஏறித் தேசியம் வரை தனி இசை, குழு இசை, வில்லுப்பாட்டு. நாட்டிய நாடகத்துக்கு இசையமைப்பதும் பெரும்பாலும் இவர்தான். மெட்டுப் போட்டு, சொற்கட்டு எழுதி, பிள்ளைகளின் குரலுக்கு ஏற்றபடி சுருதியை மாற்றி, ஒரு சீ.ஆர். கொப்பியில் எழுதி வைத்திருப்பார். விழா முடிந்ததும் அந்தப் பாட்டும் முடிந்துவிடும். இன்னொரு ஆசிரியரின் பிரியாவிடைக்குப் பாட்டுப் பழக்கியவரும் அவரே. ஒவ்வொரு நாளும் நாற்பது குரல்களுக்கு மேலாகப் பாடிக்காட்டுவதால் குரல் நாண் தேய்ந்து போவது இந்தத் தொழிலுக்கு உரிய நோய். அதைத் தொழில்நோய் என்று நாம் யாரும் எண்ணுவதில்லை. "ரீச்சருக்கு இப்ப குரல் போயிட்டுது" என்று சொல்லிக் கடந்துவிடுகிறோம்.

திருகோணமலையில் இதைப் பேசுவதற்குத் தனிக் காரணங்கள் உண்டு. இந்த ஊரின் பெயரே பண்ணோடு சேர்ந்து வந்தது. ஏழாம் நூற்றாண்டில் திருஞானசம்பந்தர் கோணமாமலையைப் பாடிய "நிரைகழல் அரவம் சிலம்பொலி அலம்பும்" என்ற பதிகம் மூன்றாம் திருமுறையில், புறநீர்மைப் பண்ணில் அமைந்தது. பூபாள ராகத்தில் அதைப் பாடக் கேட்கலாம். இந்த மாவட்டத்தின் சைவப் பிள்ளைகள் பலருக்கு அந்தப் பதிகத்தை முதலில் வாயில் வைத்தது கோயிலா, பாடசாலையா என்று கேட்டால், பாடசாலை என்றே நிறையப் பேர் சொல்வார்கள். இன்றைய கோணேஸ்வரா இந்துக் கல்லூரியை இராமகிருஷ்ண மிஷன் நடத்திய காலத்தில் அங்கே அதிபராக இருந்தவர் சுவாமி விபுலானந்தர். பழந்தமிழர் யாழைக் கணக்கிட்டு ஆராய்ந்து 1947இல் யாழ் நூலை அரங்கேற்றியவரும் அவர்தான். பாடசாலை வேலையும் இசை ஆராய்ச்சியும் ஒரே ஆளிடம் சேர்ந்திருந்த ஊர் இது. 1923இல் தங்கம்மா சண்முகம்பிள்ளை பெண் பிள்ளைகளுக்காகத் தொடங்கிய சண்முகா, 19ஆம் நூற்றாண்டிலிருந்து நடக்கும் புனித சூசையப்பர், மெதடிஸ்த மிஷன் பாடசாலைகள் என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனி இசை மரபு உண்டு. ஒரே ஆசிரியர் வாணி விழாவுக்குச் 'சகலகலாவல்லி' பழக்கிவிட்டு, ஒளி விழாவுக்குக் கிறிஸ்தவ கீர்த்தனையும் பழக்குவது இங்கே புதினமல்ல.

அப்படியிருந்தும் பட்ட நிலையில் சங்கீதம் கற்கவேண்டுமென்றால் திருகோணமலைப் பிள்ளை ஊரைவிட்டுப் போகத்தான் வேண்டும். வடக்கே மருதனார்மடத்தில் 1960இல் தொடங்கிய இராமநாதன் நுண்கலைக் கழகம். பின்னர் அது யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தோடு இணைந்தது. தெற்கே மட்டக்களப்பு கல்லடியில் 1982இல் தொடங்கிய விபுலானந்த இசை நடனக் கல்லூரி. இன்று அது கிழக்குப் பல்கலைக்கழகத்தின் அழகியற் கற்கைகள் நிறுவகம். இவற்றுக்கு முன்பே 1931இல் தோன்றிய வட இலங்கைச் சங்கீத சபை நடத்தும் தரப் பரீட்சைகள் இருக்கின்றன. ஆசிரியர் தரத்தை முடித்தவருக்குக் கலாவித்தகர் பட்டம். இங்கே பாடசாலைகளில் சங்கீதம் கற்பிக்கும் பலரின் பெயருக்கு முன்னால் அந்தப் பட்டம் இருக்கும். போர்க்காலத்தில் மருதனார்மடத்துக்கோ கல்லடிக்கோ போய்ப் படித்துத் திரும்பியது எத்தனை சோதனைச் சாவடிகளைத் தாண்டிய படிப்பு என்பதை இன்றைய மாணவருக்குச் சொல்ல ஆளில்லை.

இனி விருதுகளுக்கு வருவோம். கல்வி அமைச்சு சிறந்த ஆசிரியர்களுக்கும் அதிபர்களுக்கும் 'குரு பிரதீபா பிரபா' விருதை வழங்குகிறது. எல்லாப் பாட ஆசிரியர்களுக்கும் பொதுவானது. பொதுவான தராசில் எடைபோடும்போது கண்ணுக்குத் தெரிவது கனக்கும்: பெறுபேறு, பதக்கம், சான்றிதழ், புகைப்படம். தமிழ்த் தினத்தில் தேசிய மட்டம் வரை பிள்ளையைக் கொண்டுபோன சங்கீத ஆசிரியருக்கு இங்கே ஓர் இடம் உண்டு. அவர் அதற்கு முழுத் தகுதி உடையவர். ஆனால் தேசிய மட்டத்துக்குப் போகிற பிள்ளை பெரும்பாலும் வெளியேயும் சங்கீதம் பயில்கிற, நகரத்துப் பெரிய பாடசாலைப் பிள்ளை. ஈச்சிலம்பற்றிலோ திரியாயிலோ கற்பிக்கிறவரின் வகுப்பில் அப்படி ஒரு பிள்ளை கிடைப்பது அரிது. போட்டி முடிவுகளை வைத்து ஆசிரியரை அளந்தால் பாதி நேரம் நாம் பெற்றோரின் வசதியைத்தான் அளக்கிறோம்.

கலாசார அலுவல்கள் திணைக்களத்தின் 'கலாபூஷணம்' கலைஞர்களுக்கு உரியது. 60 வயது நிறைந்தவர்களுக்கே அது வழங்கப்படுகிறது. அரச ஆசிரியர் ஓய்வுபெறும் வயதும் 60. ஆக, ஒருவர் பாடசாலைப் படியிறங்கிய பிறகுதான் அரசின் கலைஞர் விருதுக்கு அவரது பெயர் தகுதிபெறுகிறது. அப்போதும் கலைஞராகத்தான், எத்தனை மேடை, எத்தனை கச்சேரி, எத்தனை வானொலி நிகழ்ச்சி என்ற கேள்விகளுக்கு உட்பட்டு. முப்பது ஆண்டுகள் பிள்ளைகளை மேடையேற்றிவிட்டுத் தான் திரைக்குப் பின்னால் சுருதிப்பெட்டியோடு நின்றவரிடம் இந்தக் கேள்விகளுக்கு என்ன விடை இருக்கும்? கிழக்கு மாகாணப் பண்பாட்டலுவல்கள் திணைக்களம் வழங்கும் 'வித்தகர்' விருதும் கலைஞர், எழுத்தாளர் என்ற வரிசையில்தான் நிற்கிறது. மாகாண சபையின் தலைமையகமே திருகோணமலையில் இருப்பதால் இந்த விருது இங்குள்ளவர்களுக்கு எட்டாத தூரத்தில் இல்லை. பாடசாலை இசை ஆசிரியர் என்று தனிப் பிரிவு வைத்தால் போதும் என்பது என் எண்ணம்.

அமைப்புகள் தரும் பட்டங்களைப் பற்றி அதிகம் சொல்லப் போவதில்லை. பட்டம் மலியும்போது மதிப்புக் குறையும். வாங்குகிறவருக்கே அது தெரிந்திருக்கும்.

மற்ற இடங்களில் இதை எப்படிக் கையாண்டார்கள் என்று பார்ப்பது பயன் தரும். சென்னை மியூசிக் அகாதெமி பாடுகிறவர்களுக்கும் வாசிக்கிறவர்களுக்கும் சங்கீத கலாநிதி தருகிறது. 1993 முதல் கற்பிக்கிறவர்களுக்கென்று சங்கீத கலா ஆசார்யா என்ற தனி விருதையும் தருகிறது. பாடுவதும் கற்பிப்பதும் இரண்டு தனித் திறமைகள் என்பதை ஒரு பெரிய சபை ஒப்புக்கொண்டது அதில் தெரிகிறது. ஆனால் அங்கே ஆசார்யா என்றால் கச்சேரி வித்துவான்களை உருவாக்கியவர். பாடசாலை ஆசிரியர் அந்தக் கணக்கில் வருவதில்லை. அமெரிக்காவில் கிராமி விருதுகளை நடத்தும் ஒலிப்பதிவு அகாதெமி 2014 முதல் இசைக் கல்வியாளர் விருது ஒன்றை வழங்குகிறது. பாலர் வகுப்பிலிருந்து கல்லூரி வரை கற்பிக்கிற எவரும் தகுதியானவர். ஆசிரியருக்கு 10,000 டொலர். அவரது பாடசாலையின் இசைப் பிரிவுக்கும் நிதி உண்டு. இவற்றைவிட முக்கியமானது, பெயரை யாரும் முன்மொழியலாம் என்பது: மாணவர், பழைய மாணவர், பெற்றோர், சக ஆசிரியர். பணத்தின் அளவை நாம் எட்டமுடியாது. முறையை எடுத்துக்கொள்வதற்குச் செலவில்லை. அங்கே விருது பணியில் இருக்கும்போதே கிடைக்கிறது, பாடசாலைக்கும் சேர்ந்து கிடைக்கிறது, மாணவரின் வாயிலிருந்து தொடங்குகிறது. நம்முடைய கலைஞர் விருதுகளில் இந்த மூன்றும் தலைகீழாக இருக்கின்றன. ஓய்வுக்குப் பின், தனி ஆளுக்கு, அவரே நிரப்பிக் கொடுக்கும் விண்ணப்பத்தின் பேரில்.

தன்னைப் பற்றித் தானே விண்ணப்பம் எழுதுவது நம் ஆசிரியர் பலருக்கு, குறிப்பாக இந்தப் பாடத்தில் பெரும்பான்மையாக இருக்கும் பெண்களுக்கு, மனம் ஒப்பாத காரியம். "நான் கேட்டு வாங்கிறதா?" என்று ஒதுங்கிவிடுவார்கள். அப்படியே எழுத வந்தாலும் இந்த மாவட்டத்தில் இன்னொரு தடை குறுக்கே நிற்கிறது. சான்று எங்கே? 1990இன் போர்க்கால இடப்பெயர்வு, 2004 டிசம்பர் 26இல் சுனாமியாகக் கடல் வந்தது, 2006இல் மூதூர் கிழக்கும் சம்பூரும் முழுதாக எழுந்து போனது. சம்பூர்க் காணிகள் கட்டம் கட்டமாக மக்களிடம் திரும்பியது 2015, 2016இல். இத்தனைக்கும் இடையில் ஒரு சங்கீத ஆசிரியரின் கொப்பிகள், போட்டிச் சான்றிதழ்கள், பாடசாலைச் சம்பவத் திரட்டுப் புத்தகங்கள் எத்தனை மிஞ்சியிருக்கும்? முகாம் கொட்டிலில் பிள்ளைகளைக் கூட்டி வைத்துப் பாடப் பழக்கிய மாலைகளுக்கு யார் சான்றிதழ் தந்தார்கள்? ஆவணம் கேட்கும் விருது, அதிகம் இழந்தவரையே முதலில் வடிகட்டி விடுகிறது. இது என்னை மிகவும் வருத்துகிற விடயம். அந்த ஆண்டுகளில் பாட்டு வகுப்பு நடந்தது ஒரு பிள்ளைக்கு என்னவாக இருந்தது என்பதை அந்தப் பிள்ளையால் மட்டுமே சொல்லமுடியும். அந்தப் பிள்ளைக்கு இன்று முப்பது, நாற்பது வயது.

ஆகவே கேட்க வேண்டிய இடம் பழைய மாணவர்கள். தரம் 6இல் சங்கீதம் எடுத்துப் பிறகு தச்சராக, தாதியாக, மீன் வியாபாரியாக, கணக்காளராகப் போனவர்களிடம் கேட்கவேண்டும். இசைத் துறைக்குப் போனவர்களின் பட்டியல் குட்டையானது. அதை வைத்துத் தீர்ப்புச் சொல்லக்கூடாது. ஒரு கீர்த்தனையைக் கேட்டு ராகம் தெரிகிறதா, திருவிழாவில் தவில் சமா நடக்கும்போது தாளம் போட்டுக் கேட்கிறார்களா, பிள்ளைக்குத் தாலாட்டுப் பாட வாய் வருகிறதா? வெளிநாட்டுக்குப் போன பழைய மாணவர்கள் மண்டபமும் மதிலும் கட்டித் தர முன்வருகிறார்கள். அவர்களிடம் ஒரு பக்கக் கடிதம் கேட்டால் எந்தச் சான்றிதழையும்விட அது ஆசிரியரைச் சரியாகக் காட்டும்.

அடுத்தது, பணிக்காலத்தின் நடுவில் விருது வரவேண்டும். இருபது ஆண்டு கற்பித்தவருக்கு இன்னும் பத்து ஆண்டு இருக்கும்போது தரும் அங்கீகாரம் அவரது வகுப்பறையை மாற்றும். அதோடு வயலின் ஒன்று, நல்ல மிருதங்கம் ஒன்று, வரிசைப் பாடம் நடத்தத் தனி அறை ஒன்று என்று அவரது பாடசாலைக்கும் ஏதாவது சேர்ந்தால் விருது அடுத்த ஆசிரியரின் காலத்திலும் ஒலிக்கும். மாவட்டத்தில் திருகோணமலை, மூதூர், கிண்ணியா, கந்தளாய், திருகோணமலை வடக்கு என்று ஐந்து கல்வி வலயங்கள். சங்கீத ஆசிரியர்கள் நகரத்தில் நெருக்கமாகவும் தூரத்தில் ஐதாகவும் இருக்கிறார்கள். முஸ்லிம் பாடசாலைகளில் சித்திரமும் இலக்கிய நயமும் எடுப்போர் அதிகம் என்பதால் அங்கே இந்தப் பாடத்தின் நிலை வேறு. ஆனாலும் தமிழ்த் தினத்தின் முஸ்லிம் நிகழ்ச்சிக்குப் பிள்ளைகளைப் பழக்குகிறவர் சங்கீதப் பாட ஆசிரியராக இல்லாமலே இசை ஆசிரியரின் வேலையைச் செய்கிறார். அவரையும் இந்தக் கணக்கில் சேர்க்கவேண்டும் என்றே நினைக்கிறேன்.

சீ.ஆர். கொப்பிகளையும் மறக்கக்கூடாது. பாடசாலைக் கீதத்துக்கு மெட்டமைத்தவர் யார் என்று கேட்டால் பல இடங்களில் இன்று பதில் வராது. பாராட்டு விழாவுக்குச் செலவிடும் தொகையில் ஒரு பகுதியை வைத்து, ஓய்வுபெறுகிறவர் அமைத்த பாடல்களைப் பிள்ளைகளைக் கொண்டே பாடவைத்து ஒலிப்பதிவு செய்யலாம். 2005 முதல் ஈழத்து நூல்களையும் மலர்களையும் இணையத்தில் சேமித்துவரும் நூலகம் நிறுவனம் போன்ற இடத்தில் கொப்பியின் பிரதியோடு அதை ஒப்படைக்கலாம். மணிவிழா மலர்கள் பல அங்கே ஏற்கெனவே இருக்கின்றன. பெரும்பாலானவற்றில் வாழ்த்துச் செய்திகள்தான் நிரம்பியிருக்கும். ஒரு மலரில் பத்து வாழ்த்துச் செய்தியைக் குறைத்துப் பத்துப் பாடலைச் சுரக்குறிப்போடு அச்சிட்டால், இன்னொரு பாடசாலையின் இளம் ஆசிரியர் அதைப் பார்த்துப் பழக்குவார்.

ஓய்வு வயது மீண்டும் 60 ஆக்கப்பட்டதால் 2022 டிசம்பர் 31ஆம் திகதி அரச சேவையிலிருந்து பெருந்தொகையானோர் ஒரே நாளில் விலகினார்கள். அவர்களில் ஆசிரியர்களும் இருந்தார்கள். கடல் வந்தபோதும் இடம்பெயர்ந்தபோதும் வகுப்பறையில் நின்ற தலைமுறை அது. அவர்கள் இப்போது அறுபதுகளில், பாட்டு ஞாபகத்தோடு இருக்கிறார்கள். மாணவர்களும் கைபேசி எட்டும் தூரத்தில் இருக்கிறார்கள். விருதுக்கு நிதியும் குழுவும் அமைய நாளெடுக்கும். குரல் பதிவை பழைய மாணவர் ஒருவர் இந்த வார இறுதியில் உவர்மலையிலோ சாம்பல்தீவிலோ ரீச்சரின் வீட்டு விறாந்தையில் இருந்தே தொடங்கலாம். முதல் கேள்வியாக இதைக் கேட்கலாம்: "ரீச்சர், நீங்கள் மெட்டுப் போட்டதில் உங்களுக்கு இப்பவும் பிடிச்ச பாட்டு எது?"